உச்சி மூடாத பிள்ளைக்கு மயக்க மருந்து

“உச்சியே இன்னும் மூடல. அதுக்குள்ள மயக்கம் குடுத்தா புள்ள மூளை இன்னாத்துக்கு ஆவும்?”

எங்கள் ஆயா கேட்ட கேள்வி இது. 2021 நவம்பர். கொருக்குப்பேட்டை பக்கம் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். பையனுக்கு அப்போது மூன்று மாதம். குளிப்பாட்டும்போது வலது தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. அழுதால் வெளியே வரும், தூங்கினால் உள்ளே போய்விடும். அதை முதலில் கவனித்ததும் ஆயாதான். பக்கத்து வீட்டு அக்கா, ஒரு ரூபாய் காசைத் துணியில் முடிந்து கட்டச் சொன்னார். அது தொப்புள் புடைப்புக்குச் செய்வது, அதற்கும் பயனில்லை என்பது பிறகு தெரிந்தது. இரண்டு நாள் கட்டியும் பார்த்தோம். தோல் சிவந்ததுதான் மிச்சம்.

நான் ஏசி மெக்கானிக். தண்டையார்பேட்டையில் ஒரு சின்னக் கடை, கூட ஒரு பையன், ஒரு பழைய டூவீலர், அவ்வளவுதான் என் கம்பெனி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வரும் சில விஷயங்கள் எனக்குப் புரிந்ததே அந்தத் தொழிலால்தான்.

தண்ணீர் வடிந்ததும் குழந்தை அறுவை டாக்டரிடம் காட்டினோம். விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “குடலிறக்கம், ஹெர்னியா” என்றார். வயிற்றுக்குள் இருக்கும்போது விரை கீழே இறங்க ஒரு பாதை இருக்குமாம். பிறப்பதற்குள் அது மூடிக்கொள்ள வேண்டும். என் பையன் 34 வாரத்திலேயே பிறந்துவிட்டவன். குறைமாதப் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை மூடாமல் நின்றுபோவது அதிகம். “தானா சரியாகாது. ஆபரேஷன்தான். ரொம்பத் தள்ளிப்போடாதீங்க, குடல் வந்து மாட்டிக்கிச்சுன்னா கஷ்டம்” என்றார்.

நாங்கள் தள்ளிப்போட்டோம். முழுக்க என் தப்பு. அன்று ராத்திரியே என் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்பியிருந்தான். மூன்று வயதுக்குள் மயக்க மருந்து கொடுத்தால் மூளை வளராது, அமெரிக்க அரசே எச்சரித்துவிட்டது, பத்துப் பேருக்கு அனுப்பவும் என்று. ஆயாவின் உச்சியும் அமெரிக்காவின் எச்சரிக்கையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் நம்மால் என்ன செய்ய முடியும்? ஒரு வயது ஆகட்டும், உச்சி மூடட்டும், பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

2022 ஜனவரி, ஓமிக்ரான் சமயம். ராத்திரி 10 மணிக்கு மேல் ஊரடங்கு. பதினொன்றரை இருக்கும், பையன் வீறிட ஆரம்பித்தான். புடைப்பு கல் மாதிரி இருந்தது. தூக்கி வைத்தும் தட்டிக் கொடுத்தும் உள்ளே போகவில்லை. பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஒருமுறை வாந்தியும் எடுத்தான். தெருமுனை ஆட்டோக்கார அண்ணனை எழுப்பிக் கிளம்பினோம். திருவொற்றியூர் ஹை ரோட்டில் போலீஸ் நிறுத்தியது. துணியை விலக்கிக் காட்டினேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை, “போப்பா, போ” என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் வலிக்கும் தூக்கத்துக்கும் மருந்து கொடுத்து, அவன் அசந்த நேரம் பார்த்து, டாக்டர் மெதுவாக அமுக்கி அமுக்கிக் குடலை உள்ளே தள்ளினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு அது ஒரு நாள். “இந்தத் தடவை உள்ள போயிடுச்சு. அடுத்த தடவை போகலைன்னா ராத்திரியோட ராத்திரியா வயித்தத் திறக்கணும். ரெண்டு நாள் வீக்கம் வடியட்டும், பண்ணிடலாம்” என்றார். மயக்க மருந்துக்குப் பயந்து இரண்டு மாதம் சும்மா இருந்ததால் நான் சம்பாதித்தது, கூடுதலாக ஒரு மருந்தும் ஒரு ராத்திரியும்தான்.

மறுநாள் மயக்க டாக்டர் வார்டுக்கு வந்தார். “பாப்பா அப்பா யாரு? வாங்க” என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் ஸ்டெத், காலில் ரப்பர் செருப்பு. எத்தனை வாரத்தில் பிறந்தான், பிறந்ததும் எத்தனை நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான், மூச்சு நின்று நின்று வந்ததா, வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததுண்டா, சளி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் முடிந்ததும் நான் ஃபோனை நீட்டினேன், மச்சான் அனுப்பிய மெசேஜ்.

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. “இது முழுப் பொய் இல்ல. பாதிய வெட்டிட்டு அனுப்பியிருக்காங்க” என்றார்.

வெட்டப்பட்ட அந்தப் பாதி என்ன என்பதை அப்போது அவர் சொன்னதையும், பிறகு நர்சிங் படித்த என் சித்தி மகள் தேடி எடுத்து விளக்கியதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எச்சரிக்கை நிஜம். 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்டது. ஆனால் அதில் இருந்தது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமோ, திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமோ மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் பெண்களுக்கும் அதே எச்சரிக்கை உண்டு. ‘3 மணி நேரம்’, ‘திரும்பத் திரும்ப’ என்ற இரண்டையும் மெசேஜ் எழுதியவர் விழுங்கிவிட்டார். தேவையான ஆபரேஷனை இதைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம் என்று அதே அமைப்பு 2017-ல் சொன்னதையும் சேர்த்து விழுங்கிவிட்டார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? எலியிலிருந்து. பிறந்து ஏழே நாளான எலிக்குஞ்சுகளுக்கு ஆறு மணி நேரம் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்ததை 2003-ல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு, சிரிப்பு வாயு, மிடாசோலம் என்ற தூக்க மருந்து, மூன்றும் சேர்த்து. குஞ்சுகளின் மூளையில் பல இடங்களில் செல்கள் செத்துப்போயிருந்தன. வளர்ந்த பிறகும் வழி கண்டுபிடிப்பதில், நினைவு வைத்துக்கொள்வதில் அவை தடுமாறின. அப்புறம் குரங்குக் குட்டிகளிலும் இதேபோலச் செல் இழப்பைப் பார்த்தார்கள்.

செல்கள் ஏன் சாக வேண்டும் என்று கேட்டேன். சித்தி மகள் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும் கடைசி மூன்று மாதத்திலிருந்து இரண்டு மூன்று வயது வரை மூளைக்குள் வயரிங் வேலை மும்முரமாக நடக்குமாம். ஒரு செல் இன்னொன்றோடு இணைப்புப் போடும், அந்த இணைப்பில் சிக்னல் ஓடிக்கொண்டே இருந்தால் நிலைக்கும். சிக்னலே வராத செல், ‘நான் தேவையில்லை போல’ என்று தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். வளரும் மூளையில் இது இயல்பாகவே நடக்கும் கழித்துக்கட்டல்தான். மயக்க மருந்து செய்வதோ சிக்னலை அமுக்குவது. அமைதிப்படுத்தும் சிக்னலை ஏற்றிவிடும், சில மருந்துகள் தூண்டும் சிக்னலை அடைத்துவிடும். நெடுநேரம் அமுக்கி வைத்தால், கழிக்க வேண்டாத செல்களும் கழிந்துபோகின்றன.

சரி, எலிக்கு ஆறு மணி நேரம் என்றால் மனிதப் பிள்ளைக்கு எவ்வளவு? இந்த இடத்தில்தான் சண்டை. எலிக்குஞ்சின் மூளை சில வாரத்தில் செய்துமுடிக்கும் வேலையை நம் பிள்ளையின் மூளை வருடக்கணக்கில் செய்கிறது. அந்தக் கணக்கில் எலியின் ஆறு மணி நேரம் ரொம்பப் பெரிய துண்டு. தவிர, நம் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து மூச்சையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே இருப்பார். விரல் அளவு எலிக்குஞ்சுக்கு அப்படிப் பார்ப்பது லேசில்லை.

நான் டாக்டரிடம் கேட்ட இரண்டாவது கேள்வி, “எந்த கேஸ் மேடம் குடுப்பீங்க?” தொழில் புத்தி. அவர் “செவோஃப்ளூரேன்” என்றார். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு மெஷின் ஞாபகம் வந்தது. முன்பு ஒரு நர்சிங் ஹோமில் தியேட்டர் ஏசி வேலைக்குப் போயிருந்தபோது, மயக்க மெஷினில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு டப்பா மாட்டியிருந்தது. திருகு வைத்து, 8 வரை எண் போட்டிருந்தது. உள்ளே கண்ணாடி வழியாகத் திரவம் தெரிந்தது. “இது கேஸ்னு சொல்றீங்க, தண்ணி மாதிரி இருக்கே” என்று அன்று கேட்டதற்கு, அங்கிருந்த டெக்னீஷியன் அண்ணன் சொல்லியிருந்தார். அது திரவம்தான், ஆக்சிஜன் அதன் மேல் தவழ்ந்து போகும்போது ஆவியை அள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நிறம், மாற்றி ஊற்றிவிடக் கூடாது என்று. செவோஃப்ளூரேனுக்கு மஞ்சள், ஐசோஃப்ளூரேனுக்கு ஊதா.

எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம். இவை எல்லாமே நாங்கள் ஏசியில் ஏற்றும் கேஸின் சொந்தக்காரர்கள். ஃபுளோரின் சேர்த்த கார்பன் பொருட்கள். பழைய காலத்தில் ஈதரை வைத்து மயக்கம் கொடுத்தார்கள், அது தீப்பிடிக்கும். குளிர்பதன வாயுக்களில் இருந்த ஃபுளோரினின் நிதானத்தைப் பார்த்து, தீப்பிடிக்காத மயக்க மருந்தை அந்த வழியில் தேடி, 1951-ல் இங்கிலாந்தில் ஐசிஐ கம்பெனியின் சார்லஸ் சக்லிங் செய்ததுதான் ஹாலோத்தேன். செவோஃப்ளூரேன் அதற்குப் பின்னால் வந்த தலைமுறை. ஏசியில் ஏற்றும் ஆர்-22 என்ற கேஸ் மைனஸ் 41 டிகிரியிலேயே கொதித்துவிடும், இது 58 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும், அதனால்தான் பாட்டிலில் திரவமாக நிற்கிறது. மூக்கில் ஏறும் நெடி இல்லை, லேசாகத் தித்திப்பு வாசம், அதனால் பிள்ளைகள் மாஸ்க்கை அவ்வளவாகத் தள்ளுவதில்லை. உடம்பில் கொஞ்சம்தான் உடைபடும், பெரும்பகுதி வந்த வழியே மூச்சில் வெளியே போய்விடும்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மூச்சில் இழுக்கும் காற்றில் இந்த மருந்து பெரிய ஆளுக்கு 2 சதவீதம் போதும் என்றால், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 3-க்கும் மேலே தேவைப்படும். சின்ன உடம்புக்குக் குறைவாகத்தான் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு.

“அந்த தியேட்டர் 20, 21-ல ஓடுமே மேடம், புள்ளைக்குக் குளிராதா?” என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க என்ன வேலை பண்றீங்க?” சொன்னேன். “நீங்க கேட்டதுலயே நல்ல கேள்வி இதான்” என்றார். அதன் பிறகு அவர் பேசியதைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். எந்த வாயு என்பதைவிட, அது ஓடும் நேரத்தில் பிள்ளை என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் மூளைக்கு முக்கியம். மூச்சு குறைந்து ஆக்சிஜன் இறங்குவது, பிரஷர் விழுவது, உடம்பு சில்லிட்டுப்போவது, சர்க்கரை குறைவது. இந்த நாலில் எது வந்தாலும் அடி உடனே விழும், அதற்கு எலி ஆராய்ச்சி தேவையில்லை. தியேட்டரில் ஏசியைக் குறைத்து, சூடு மெத்தை போட்டு, தலைக்குக் குல்லா போட்டுத்தான் படுக்க வைப்பேன் என்றார்.

ஏசியில் கேஸ் ஏற்றும்போதும் இப்படித்தான். கஸ்டமர் என்ன கேஸ், எந்தக் கம்பெனி என்று துருவுவார். கேஜைப் பார்க்காமல் குத்துமதிப்பாக ஏற்றுகிறவன் கையில் எந்த கேஸைக் கொடுத்தாலும் கம்ப்ரஸர் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது.

அதனால், நீங்கள் கேட்க வேண்டியது இது. மயக்கம் கொடுப்பவர் மயக்க மருத்துவம் படித்த டாக்டரா, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அடிக்கடி கொடுப்பவரா? ஆபரேஷன் முடியும் வரை கூடவே இருப்பாரா? விரல் கிளிப், பிரஷர், மூச்சில் வெளியே வரும் கரியமில வாயுவைக் காட்டும் மானிட்டர், உடம்புச் சூடு எல்லாம் பார்ப்பார்களா? இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது. கோபித்துக்கொண்டவர்களும் உண்டு, அது வேறு கதை.

வாயு இல்லாமல் முதுகில் ஊசி மட்டும் போட்டுச் செய்ய முடியாதா என்றும் கேட்டேன். முடியும், குறைமாதப் பிள்ளைகளுக்குச் சில இடங்களில் செய்கிறார்கள், ஆனால் கை பழகியிருக்க வேண்டும், சிலருக்குச் சரியாகப் பிடிக்காமல் நடுவில் வாயுவுக்கே மாற வேண்டியிருக்கும் என்றார். அவர் செய்தது, வாயுவில் தூங்கவைத்துவிட்டு வால் எலும்புப் பக்கம் ஒரு மரப்பு ஊசி. அதனால் வாயுவும் குறைவாகப் போதும், எழுந்ததும் வலியும் இருக்காது.

ஆபரேஷன் அன்று ஒரு கோளாறு. ராத்திரி 12 மணிக்கு மேல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று வார்டில் சொல்லியிருந்தார்கள். காலையில் முதல் ஆள் என்றார்கள், அப்புறம் இரண்டாவது, அப்புறம் ஒரு அவசர கேஸ் உள்ளே போனது. மணி பத்தரை. ஐந்து மாதப் பிள்ளை கையைச் சப்பிச் சப்பி அழுது ஓய்ந்து கிடந்தான். என் மனைவியின் ஜாக்கெட் நனைந்துவிட்டது, புடவையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மயக்க டாக்டர் வந்து பார்த்துவிட்டு வார்டில் சத்தம் போட்டார். தாய்ப்பால் என்றால் நாலு மணி நேரம் முன்பு வரை கொடுத்திருக்கலாமே, இவ்வளவு நேரம் ஏன் காயப்போட்டீர்கள் என்று. குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போனார்.

தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் மாதிரித் தெளிவான திரவம் 2 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4, புட்டிப்பால், மாட்டுப்பால், சாப்பாடு 6 மணி நேரம். இதுதான் பொதுவான கணக்கு. ‘12 மணிக்கு மேல் வேண்டாம்’ என்று சொன்னால் விடாதீர்கள். உள்ளே எத்தனை மணிக்கு எடுப்பீர்கள், கடைசியாக எத்தனை மணிக்குப் பால் கொடுக்கட்டும் என்று மயக்க டாக்டரிடமே கேளுங்கள். வரிசை மாறினால் திரும்பக் கேளுங்கள்.

ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. குறைமாதப் பிள்ளைகளுக்கு வயதை வேறு விதமாகக் கணக்கிடுகிறார்கள். வயிற்றில் இருந்த வாரத்தையும் சேர்த்து எண்ணுவார்கள். 34-ம் 22-ம், ஆக 56 வாரம். 60-க்குக் கீழே இருந்தால் மயக்கத்துக்குப் பிறகு தூக்கத்தில் மூச்சை நிறுத்திவிடும் அபாயம் உண்டு, அதனால் ராத்திரி முழுக்க மானிட்டரில் வைத்தார்கள். பாதத்தில் சிவப்பு விளக்கு ஒன்றைச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். இருட்டில் அந்தக் குட்டிப் பாதம் உள்ளேயிருந்து எரிவது போலச் சிவந்திருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் எண் 98, 97, 99 என்று மாறிக்கொண்டிருந்தது. கொரோனாவால் ஒரு ஆள்தான் உள்ளே இருக்கலாம். என் மனைவியைத் தூங்கச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் மூளை மூளை என்று பயந்தவன், ராத்திரி பயந்தது மூச்சுக்கு. ஒருமுறை 91-க்கு இறங்கியது, சிஸ்டர் வந்து உள்ளங்காலைச் சுண்டினார், அவன் சிணுங்கினான், ஏறிவிட்டது. உங்கள் பிள்ளை குறைமாதம் என்றால், ‘அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம்’ என்று சொல்லும் இடத்தில் இந்த வாரக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சித்தி மகள் அந்தப் பெரிய ஆராய்ச்சியைக் காட்டினாள். என் பையனுக்காகவே செய்தது மாதிரி இருந்தது. இதே தொடை இடுக்கு ஹெர்னியா, இதே செவோஃப்ளூரேன், இதே 60 வாரக் கணக்கு. ஆஸ்திரேலியா, இத்தாலி, அமெரிக்கா என்று 7 நாடுகள், 28 ஆஸ்பத்திரிகள், 722 பிள்ளைகள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பிரித்து, பாதிப் பேருக்கு வாயு, பாதிப் பேருக்கு முழித்திருக்கும்போதே முதுகு ஊசி. ஐந்து வயதில் அறிவுத்திறன் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் சராசரி 99-ஐ ஒட்டியே. வாயுக் குழுவில் மயக்க நேரம் நடுவாக 54 நிமிடம். எங்களுக்கு ஐம்பது.

அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இரண்டே கால் வயதில், 2023 நவம்பரில், இடது பக்கம் புடைத்தது. ஒரு பக்கம் வந்த பிள்ளைகளில் சிலருக்கு மறுபக்கமும் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இப்போது என் கணக்கு மாறிவிட்டது. ‘ஒரு தடவை, ஒரு மணி நேரத்துக்குள்’ என்ற ஆறுதல் போய், ‘திரும்பத் திரும்ப’ என்ற பக்கத்துக்கு நாங்கள் வந்துவிட்டோம்.

அங்கே ஆறுதல் அவ்வளவு சுத்தமாக இல்லை, மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக் என்ற பெரிய ஆஸ்பத்திரியில் 997 பிள்ளைகளைப் பார்த்து 2018-ல் வெளியிட்டதில், பலமுறை மயக்கம் பெற்றவர்களுக்கும் அறிவுத்திறன் எண்ணில் வித்தியாசம் இல்லை. ஆனால் வேகமாகப் புரிந்து செய்வதிலும் விரல் நுணுக்க வேலையிலும் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். படிப்பதிலும் நடத்தையிலும் சிரமம் என்று அவர்களுடைய பெற்றோர் கூடுதலாகச் சொன்னார்கள். இது வாயுவால் வந்ததா, பலமுறை ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்கு இருந்த நோயால் வந்ததா என்று அந்த மாதிரி ஆராய்ச்சியில் பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்று வயது முடிய ஒன்பது மாதம்தானே, காத்திருக்கலாமா என்று அதே மயக்க டாக்டரிடம் போய்க் கேட்டோம். “மூணாவது பர்த்டே அன்னிக்கு சுவிட்ச் எதுவும் மாறாது. கணக்குக்கு ஒரு கோடு போட்டிருக்காங்க, அவ்வளவுதான். இந்த ஒன்பது மாசத்துல குடல் மாட்டினா மறுபடி அந்த ராத்திரிதான். அவசரமே இல்லாத ஆபரேஷனா இருந்தா நானே தள்ளிப்போடச் சொல்வேன்” என்றார். அத்தோடு ஒரு யோசனையும் சொன்னார். இந்த மயக்கத்திலேயே வேறு ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா என்று எல்லா டாக்டர்களிடமும் கேட்டுவிடுங்கள், தனித்தனியாக இரண்டு மயக்கம் வேண்டாம் என்று. அவனுக்கு நாக்குக்கு அடியில் ஜவ்வு ஒட்டியிருந்தது, பேச்சு தெளியாததால் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்க ஏற்பாடானது. ஸ்கேனுக்காக மயக்கம் தேவைப்படும் பிள்ளைகளுக்கும் இதைக் கேட்கலாம்.

டிசம்பரில் தேதி கொடுத்தார்கள். மிக்ஜாம் புயல் வந்தது, தண்ணீர் வந்தது, பையனுக்குச் சளியும் இருமலும் வந்தது. சளி உள்ள பிள்ளைக்கு மயக்கத்தில் தொண்டை இறுகிக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்பதால் சில வாரம் தள்ளினார்கள். லேசான சளிதானே என்று நீங்களாக மறைக்காதீர்கள்.

ஜனவரியில் போன அன்று இன்னொரு கூத்து. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆயா பாவம் பார்த்து அவன் கையில் பாதிப் பொறையைக் கொடுத்துவிட்டது. ஆட்டோவில் போகும்போது அவன் சட்டையில் தூள் இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று மனைவியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சொன்னால் இன்னொரு தேதி, கடைக்கு இன்னொரு நாள் லீவு. சொன்னோம். டாக்டர் திட்டவில்லை, மதியத்துக்கு மாற்றிவிட்டார். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று மட்டும் இரண்டு வரியில் சொன்னார். அதைக் கேட்ட பிறகு மறைக்க யோசித்ததற்கே வெட்கமாக இருந்தது.

இந்தத் தடவை நான் எதிர்பாராதது ஆபரேஷனுக்கு அப்புறம் வந்தது. கண் விழித்தவன் எங்களைப் பார்க்கவே இல்லை. கண் திறந்திருக்கிறது, பார்வை எங்கேயோ. வில்லாக வளைந்து உதைக்கிறான், அம்மா தூக்கினால் அவளையே தள்ளுகிறான், கையிலிருந்த டியூபைப் பிடுங்குகிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். “போச்சு, நாமளே பண்ணிட்டோம்” என்றாள். எனக்கும் அதேதான் தோன்றியது. ஆயா சொன்ன மூளை, இதோ எதிரில். சிஸ்டர் அமைதியாக இருந்தார். “செவோ குடுத்த புள்ளைங்க இந்த வயசுல இப்படிப் பண்ணும்க்கா. லைட்டக் கம்மி பண்ணுங்க, பேசிக்கிட்டே இருக்காதீங்க, கீழ விழாமப் புடிச்சுக்குங்க.” பதினைந்து நிமிடம் இருக்கும். சட்டென்று அடங்கி, அம்மா தோளில் முகம் புதைத்து, தெளியாத நாக்கோடு “தண்ணி” என்றான். மயக்கம் தெளியும்போது வரும் குழப்பம் அது, இரண்டிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் சகஜம், தானாகப் போய்விடும். இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பதினைந்து நிமிடம் மிச்சமாகியிருக்கும். நீங்களாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்கேஜி போகிறான். பென்சிலைக் குத்தூசி மாதிரி முஷ்டியில் பிடித்து எழுதுகிறான். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. விரல் நுணுக்கம், 997 பிள்ளைகள், எல்லாம் ஒரு நொடியில் வந்து போனது. அடுத்த நாளே மிஸ்ஸிடம் போய் நின்றேன். “வகுப்புல பாதிப் பேர் இப்படித்தான் சார் புடிக்கிறாங்க” என்றார். அப்படியும், அவன் ஓர் எழுத்தை மறந்தால் மனசு அந்த மஞ்சள் டப்பாவுக்குப் போய்வருகிறது. குறைமாதம் ஒரு காரணமாக இருக்கலாம், என் ஜாடையாக இருக்கலாம் (நான் எட்டாவது இரண்டு முறை படித்தவன்), ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒரு பிள்ளையை வைத்து அந்தக் கணக்கைப் போட முடியாது என்பதைப் புத்தி ஏற்றுக்கொள்கிறது. அவனது இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரியையும், மயக்க மருந்துப் பெயரும் நேரமும் எழுதி வாங்கிய தாளையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுவேன்.

போன வாரம் கடைப் பையன் ஃபோன் செய்தான். அவன் அக்கா குழந்தைக்கு ஏழு மாதம், அதே ஹெர்னியா, மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். “அண்ணே, இன்னா கேஸ்னு கேக்கட்டுமா?” என்றான்.

“அதை அப்புறம் கேளு. கடைசிப் பாலுக்கு அலாரம் எத்தினி மணிக்கு வச்சிருக்காங்க?”

“நாலு மணிக்குண்ணே.”

“தாய்ப்பாலா, புட்டிப்பாலா?”

“புட்டி.”

“அப்ப ரெண்டு மணிக்கு மாத்தி வைக்கச் சொல்லு. மாத்துறதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு ஃபோனைப் போட்டுக் கேட்டுக்கச் சொல்லு.”